கை போன இடத்துக்குக் கண் போகவில்லை

நடனத்தில் கையையும் கண்ணையும் பிரிக்கக் கூடாது என்பது நந்திகேசுவரரின் ‘அபிநய தர்ப்பணம்’ வகுத்த ஒழுங்கு. அடவு பழகத் தொடங்கிய சிறுமிக்கே இது தெரியும். கை ஒரு பக்கமும் பார்வை இன்னொரு பக்கமும் போனால் நட்டுவனாரின் தட்டுக்கழி நின்றுவிடும். கோயில் தூண், செப்புத் திருமேனி, மேடை என்று எங்கு பார்த்தாலும் நம் கண் இந்த ஒழுங்கிலேயே வளர்ந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ஒரு புத்தர் சிலையின்முன் போய் நின்றால் எங்கோ இடறுகிறது. வலக்கை முழங்காலைத் தாண்டி இறங்கித் தரையைத் தொடுகிறது. கண் தரையைப் பார்க்கவில்லை. இன்னொரு சிலையில் கை உயர்ந்து எதிரே வருவதை நிறுத்துகிறது. வருவது யார் என்று கண் பார்க்கவில்லை. கைக்கு வெளியே வேலை இருக்கிறது, கண்ணுக்கு இல்லை.

முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவர் எந்தத் தருணத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை சூழ்ந்த இரவு, சாரநாத்தில் ஐந்து பேருக்கு முதன்முதலாகப் பேசிய நாள், குசிநகரில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே படுத்த கடைசி இரவு: மூன்றிலும் அதே பாதி மூடிய இமை, அதே உதடு. கதை முழுவதையும் கையும் காலும்தான் சுமக்கின்றன. சுற்றுலாக் கையேடுகள் இதற்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கின்றன. உயர்த்திய கை அச்சம் போக்குவது, தாழ்த்திய கை வரம் தருவது, மடியில் சேர்ந்த கைகள் தியானம். வாய்பாட்டில் பிழையில்லை. அதை மனப்பாடம் செய்தவர் மேற்கொண்டு சிலையைப் பார்ப்பதில்லை என்பதுதான் தொல்லை. ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு வழக்கு இருக்கிறது, சில இடங்களில் கல்தச்சரின் சங்கடமும் இருக்கிறது.

கை வருவதற்கு முன்பு உடம்பே இல்லை. சாஞ்சி, பார்கூத், அமராவதியின் தொடக்ககாலச் சிற்பங்களில் அரசமரம் இருக்கிறது. அதன் அடியில் ஒரு வெற்று ஆசனம். கீழே பாதச் சுவடுகள். சாஞ்சியின் தோரணத்தில் சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் புறப்படும் காட்சியில் குதிரையின்மேல் ஆளே இல்லை, மேலே குடை மட்டும் போகிறது. புத்தரை உருவமாக வடிக்கத் தயங்கிய காலம் இது என்பது ஆல்ஃபிரட் ஃபூஷே வழிவந்த பழைய விளக்கம். இந்தச் சிற்பங்களில் பல புத்தரின் வாழ்க்கைக் காட்சிகளே அல்ல, பிற்காலத்து மக்கள் புனிதத் தலங்களை வழிபடும் காட்சிகள் என்று சூசன் ஹன்டிங்டன் 1990-இல் மறுத்தார். சர்ச்சை இன்னும் ஓயவில்லை. தமிழில் இந்த வெற்று ஆசனத்தை நாம் நன்றாக அறிவோம். மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத்தில் இருப்பது சிலை இல்லை, பீடிகை. நாக அரசர் இருவர் அதற்காகப் போரிட்டபோது புத்தர் வந்து அதில் அமர்ந்து அறம் சொல்லிச் சண்டையைத் தீர்த்தார். மணிமேகலை தன் முற்பிறப்பை அறிந்துகொள்வதும் அந்த ஆளில்லா ஆசனத்தைத் தொழுதுதான்.

பொது ஆண்டின் முதல் நூற்றாண்டை ஒட்டி காந்தாரத்திலும் மதுராவிலும் உடம்பு வந்தது. குஷாண மன்னர் கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டில் பலர் என்ற பிக்கு சாரநாத்தில் நிறுவிய மதுராச் செம்மணற்கல் சிலை ஒன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கல்வெட்டு அந்தச் சிலையைப் போதிசத்துவர் என்கிறது. கால்களை அகற்றி ஊன்றி, இடக்கையை முஷ்டியாக இடுப்பில் வைத்து, யட்சனைப் போல நிற்கிறார். கால்களுக்கு இடையில் ஒரு சிங்கம். சாந்தம், கருணை என்ற சொற்களோடு போனவருக்கு அந்த முஷ்டி அதிர்ச்சியாக இருக்கும். வலக்கை உடைந்து போய்விட்டது.

உடைந்துபோன கை இந்தக் கதையில் மிக முக்கியமானது. நீட்டிய கைதான் முதலில் போகும். காந்தாரத்துச் சிற்பிகள் பல சிலைகளில் முன்கையைத் தனியாகச் செதுக்கிக் குழியில் பொருத்தினார்கள். இன்று அருங்காட்சியகங்களில் குழி மட்டும் இருக்கிறது. மதுராவில் உயர்த்திய கைக்கும் தோளுக்கும் இடையே கொஞ்சம் கல்லை வெட்டாமல் விட்டு முட்டுக் கொடுத்தார்கள். கல்லில் எந்தக் கை பத்திரமோ அந்தக் கைதான் நம் காலம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே புத்த சிற்பங்களில் தியானக் கை மிகுதியாகத் தெரிவதற்குப் பக்தியோடு பாறையின் குணமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மடியில் வைத்த கை உடைவதில்லை.

உயர்த்திய கையை நமக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம். எந்தச் சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் அந்த ‘அஞ்சேல்’ உண்டு. புத்தரின் கதையில் அது ராஜகிருகத்தின் தெருவோடு ஒட்டிக்கொண்டது. புத்தர்மேல் பகை கொண்ட தேவதத்தன் ஏவிவிட்ட மதயானை நாளகிரி எதிரே ஓடி வருகிறது, புத்தர் விலகவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதி வட்டச் சிற்பத்தில் யானை இரண்டு முறை வருகிறது. இடப்பக்கம் ஆளைத் தூக்கி மிதித்து வெறியாடுகிறது, வலப்பக்கம் அதே யானை காலடியில் மண்டியிட்டிருக்கிறது. நடுவில் ஜனங்கள் சிதறுகிறார்கள். பிற்காலத்துப் பால வம்சச் சிற்பங்களில் இது ஒரு மூலையில் சுருங்கி, நின்ற புத்தரின் காலடியில் பூனைக்குட்டி அளவில் ஒரு யானையாக மட்டும் மிஞ்சியது. கை யாரைப் பார்த்து அஞ்சாதே என்கிறது? தெருவில் ஓடியவர்களைப் பார்த்து என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அது யானையிடம் சொன்னது என்றே படுகிறது. குடிக்க வைத்து, குத்தி, தெருவில் விரட்டப்பட்ட விலங்கைவிட அந்தத் தெருவில் அதிகம் பயந்திருந்தவர் யார்?

எல்லா முத்திரைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது நிலம் தொடும் கை. அதன் பின்னணி ஒரு நில வழக்கு. போதி மரத்தடியில் சித்தார்த்தர் அமர்ந்த ஆசனம் தனக்குரியது என்று மாரன் வந்து நிற்கிறான். சாட்சி கேட்டால் அவனுடைய படை முழுவதும் ஒரே குரலில் ‘நான் சாட்சி’ என்று கூவுகிறது. உனக்கு யார் சாட்சி என்று கேட்கிறான். அந்த இடத்தில் சித்தார்த்தருக்கு ஆள் கிடையாது. ஆடைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்து நிலத்தை நோக்கி நீட்டுகிறார், நிலம் முழங்குகிறது, மாரனின் யானை மண்டியிடுகிறது. ஜாதகக் கதைகளுக்கு முன்னுரையாக அமைந்த நிதானகதையில் இது இப்படி வருகிறது. லலிதவிஸ்தரத்தில் பூமாதேவியே மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்து வந்து சாட்சி சொல்கிறாள்.

நிலம் எதற்குச் சாட்சி சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். தவத்துக்கோ ஞானத்துக்கோ இல்லை, கொடைக்கு. முற்பிறப்புகளில், குறிப்பாக வெசந்தரனாகப் பிறந்தபோது, கொடுத்ததற்கெல்லாம் நிலம் சாட்சி. பழைய இந்தியாவில் தானம் செல்லுபடியாக வேண்டுமானால் வாங்குபவரின் கையில் நீர் வார்க்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் நீர் வார்த்துக் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். தாய்லாந்து, கம்போடியா பக்கம் இந்தக் கதை ஒரு படி மேலே போனது. அங்கே பூமாதேவிக்குத் தோரணி என்று பெயர், நம் தரணிதான். சித்தார்த்தர் பிறவிதோறும் வார்த்த நீரெல்லாம் அவள் கூந்தலில் சேர்ந்திருக்கிறது. சாட்சிக்கு அழைத்ததும் அவள் கூந்தலை முறுக்கிப் பிழிகிறாள். பெருக்கெடுத்த வெள்ளத்தில் மாரனின் படை அடித்துக்கொண்டு போகிறது. பாங்காக்கில் அரச மைதானத்துக்கு அருகே கூந்தலைப் பிழியும் தோரணிக்கு ஒரு மண்டபமும் நீரூற்றும் இருக்கின்றன. ஒரு கொடைப் பதிவேட்டை ஈரக் கூந்தலாகக் கற்பனை செய்தவர் யாரோ, அவரைவிடப் பெரிய கவிஞரை எனக்குத் தெரியாது.

இந்தச் சிலையில் இடக்கையையும் பார்க்க வேண்டும். அது மடியிலேயே உள்ளங்கை மேல்நோக்கிக் கிடக்கிறது. மாரன் வந்தது அதற்குத் தெரியாது. ஒரு கை வழக்காடுகிறது, இன்னொன்று தியானத்தைவிட்டு எழவே இல்லை. கண் எந்தக் கையோடு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால், இடக்கையோடு.

பீகாரிலும் வங்காளத்திலும் பாலர்கள் ஆண்ட எட்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை இந்த உருவமே மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. காரணம் புத்தகயா. அங்கே கோயிலுக்குள் இருந்த மூலச் சிலையின் கை இப்படித்தான் இருந்தது என்று ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அந்தச் சிலையைப் பற்றி அவர் கேட்ட கதையும் சுவையானது. இனி வரப்போகும் புத்தரான மைத்திரேயரே சிற்பியாக மாறுவேடத்தில் வந்து, வாசனை மண்ணும் ஒரு விளக்கும் கேட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார். பொறுமையிழந்தவர்கள் குறித்த நாளுக்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிறார்கள். மார்பில் ஓரிடம் மட்டும் முடியாமல் நின்றுவிட்டது. அந்தச் சிலையின் சிறு நகல்களை, கைக்குள் அடங்கும் சுட்ட மண் வில்லைகளாகக்கூட, யாத்திரிகர்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவில் இன்றும் பெரும்பாலான கோயில்களில் கை நிலத்தைத்தான் தொடுகிறது.

இலங்கை வேறு வழியில் போயிற்று. பழைய சிங்களச் சிற்பிகளுக்கு மாரனோடு நடந்த வழக்கில் ஆர்வம் இல்லை. அவர்களுடைய அமர்ந்த புத்தர்கள் பெரும்பாலும் இரண்டு கைகளையும் மடியில் சேர்த்தவர்கள். அமரும் முறையிலும் வேறுபாடு உண்டு. வடக்கே இரண்டு உள்ளங்கால்களும் மேலே தெரியும்படி பின்னிய வச்சிராசனம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இடக்காலின்மேல் வலக்காலை வைத்த வீராசனம், ஓர் உள்ளங்கால்தான் தெரியும். அநுராதபுரத்து மகாமேவுன தோட்டத்துச் சமாதி சிலை இந்த வழியின் உச்சம். 1931-இல் அங்கே போன நேருவுக்கு அது மனதில் தங்கிவிட்டது. பிறகு டேராடூன் சிறையில் இருந்தபோது இலங்கை நண்பர் ஒருவர் அனுப்பிய அதன் படத்தை அறையின் சிறு மேசையில் வைத்துக்கொண்டிருந்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். சிறையில் இருப்பவர் வாதாடும் கையையோ தடுக்கும் கையையோ வைத்துக்கொள்ளாமல், எதுவும் செய்யாத கையைத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

கைக்கும் கண்ணுக்கும் இடையிலான பிரிவை இலங்கை ஒரு சடங்காகவே ஆக்கிக்கொண்டது. சிலையின் உடம்பும் கையும் எல்லார் முன்னாலும் உருவாகும். கண் மட்டும் கடைசியில், நல்ல நேரம் பார்த்து. கண் எழுதும் கைவினைஞர் சிலையை நேராகப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்துத் தீட்டுகிறார். திறக்கும் கண்ணின் முதல் பார்வையைத் தாங்கக்கூடிய ஆள் இல்லை என்பது நம்பிக்கை. ஆனந்த குமாரசாமி 1908-இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற ஆங்கில நூலில் இந்தச் சடங்கை விரிவாக எழுதிவைத்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். கையும் கண்ணும் சேர வேண்டிய கலை, சேராத கலை இரண்டையும் உலகுக்கு எடுத்துச் சொன்னது கொழும்பில் பிறந்த ஒரு தமிழரேதான்.

பொலன்னறுவையில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த கல் விகாரையில் ஒரே பாறையில் அமர்ந்தவர், நின்றவர், படுத்தவர் என வரிசையாக இருக்கிறார்கள். நின்றவர் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரம்; இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டியிருக்கிறார். புத்தர் சிலைகளில் இலங்கையில் இது மிக அரிது. பக்கத்தில் பதினான்கு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு, நிற்பவர் துக்கத்தில் இருக்கும் சீடர் ஆனந்தர் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். இன்றும் வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் உருவத்துக்கும் முன்பு தனித்தனி மாடம் இருந்ததற்கான சுவர்த் தடங்கள் உள்ளன. நிற்பவரின் காலடியில் தாமரைப் பீடம் இருக்கிறது. பிறர் துன்பம் கண்டு துன்புறும் புத்தரின் முத்திரை இது என்று தொல்லியலாளர் பரணவிதான விளக்கினார். இதே கட்டிய கைகள் தாய்லாந்தில் வேறு கதை சொல்கின்றன. ஞானம் பெற்ற பிறகு, இத்தனை நுட்பமான விஷயத்தை உலகத்துக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று புத்தர் தயங்கிய தருணம் அது. துக்கம், கருணை, தயக்கம். மூன்றுக்கும் கை ஒன்றுதான்.

படுத்தவரிடம் பார்க்க வேண்டியது காலை. இரண்டு பாதங்களும் விரலுக்கு விரல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் ஓய்வு. மேலே இருக்கும் இடப்பாதம் சற்றே பின்வாங்கியிருந்தால் உயிர் பிரிந்துவிட்டது. கல் விகாரையில் பின்வாங்கியிருக்கிறது. பதினான்கு மீட்டர் பாறையில் மரணத்துக்கு அந்தச் சிற்பி ஒதுக்கிய இடம் சில அங்குலங்கள். முகத்தில் ஒரு கோடுகூடக் கூடவில்லை. தலையணை மட்டும் தலையின் பாரத்தில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது.

தாய்லாந்துக்காரர்கள் இந்தத் தருணங்களை எண்ணிப் பட்டியல் போட்டார்கள். மன்னர் மூன்றாம் ராமர் காலத்தில் அரச குடும்பத்துத் துறவியான பரமானுசித் சினோரத் நாற்பது நிலைகளைத் தொகுத்துக் கொடுத்தார். அதிலிருந்து கிழமைக்கு ஒரு புத்தர் வந்தார். ஞாயிறு பிறந்தவருக்குப் போதி மரத்தை இமைக்காமல் ஏழு நாள் பார்த்து நிற்பவர், செவ்வாய்க்குப் படுத்தவர், வியாழனுக்குத் தியானத்தில் இருப்பவர், வெள்ளிக்கு அந்தக் கைகட்டித் தயங்குபவர், சனிக்கு நாகக் குடையின்கீழ் அமர்ந்தவர். புதன்கிழமை இரண்டாகப் பிளந்திருக்கிறது. பகலில் பிறந்தவருக்குப் பிச்சைப் பாத்திரம் ஏந்தியவர். இரவு ராகுவுக்குரியது, அதற்குக் காட்டில் யானையும் குரங்கும் பணிவிடை செய்யும் புத்தர். கோயில்களில் எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் உண்டியல். நவக்கிரகம் சுற்றிப் பழகிய நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. கோள்களை நம்பாதே என்றவரைக் கோள்களுக்கே அதிகாரியாக்கிய சாமர்த்தியத்தை ரசிக்கலாம். பட்டியல்களுக்கு அப்பால் சுகோதாய் சிற்பிகள் செய்த நடக்கும் புத்தர் தனி. ஒரு குதிகால் மேலெழுந்து, ஒரு கை தளர்ந்து ஆடுகிறது. யானைத் துதிக்கை போன்ற கை, மாங்கொட்டை போன்ற மோவாய் என்று நூல்கள் உவமையாகச் சொன்னதை அவர்கள் அப்படியே வார்த்துவிட்டார்கள் என்பார்கள். எலும்பே இல்லாத அந்தக் கையைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

ஜப்பானில் கையும் கண்ணும் நூல் கட்டி இழுக்கப்பட்டன. நாராவின் தோதாய்ஜி பெரும்புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற பிக்கு. அவருடைய தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டார்கள். கண் திறந்ததில் எல்லார் கைக்கும் பங்கு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேசத்தையே ஆட்டிவைத்த ஃபுஜிவாரா மிச்சிநாகா சாகக் கிடந்தபோது, தான் கட்டிய கோயிலில் ஒன்பது அமிதா புத்தர் சிலைகளின் கைகளிலிருந்து வந்த நூல்களைப் பிடித்தபடி படுத்திருந்தார் என்கிறது அக்காலத்து வரலாற்றுக் கதை. புத்தரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் போதவில்லை. அந்தக் கையோடு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். தன் கடைசி நாள்களில் புத்தர் ஆனந்தரிடம், ஆசிரியர்கள் சிலவற்றை முஷ்டிக்குள் மூடி வைத்துக்கொள்வது போல நான் எதையும் மறைத்து வைக்கவில்லை என்று சொன்னதாகப் பாலி மரபு பதிவு செய்திருக்கிறது. சாரநாத்தில் 1904-05 அகழாய்வில் ஓர்ட்டல் கண்டெடுத்த குப்தர் காலச் சிலை அந்தத் திறந்த கையின் உருவம் என்று சொல்லலாம். மார்புக்கு நேரே இரண்டு கைகள், சக்கரத்தை உருட்டுவதாக நூல்கள் சொல்லும் விரல்கள். எனக்கு அது வகுப்பில் விரல்விட்டு எண்ணும் ஆசிரியரின் கையாகவே தெரியும். நான்கு வாய்மை, எட்டு நெறி, பன்னிரண்டு நிதானம் என்று புத்தரின் போதனை முழுக்க எண்ணிக்கைதானே. ஆனால் தாந்திரிக வழிகள் வளர்ந்தபோது முஷ்டி திரும்பி வந்துவிட்டது. 1176-இல் உன்கேய் என்ற இளம் சிற்பி நாராவின் என்ஜோஜிக்குச் செய்த தாய்நிச்சி புத்தரின் மரச்சிலையில், இடக்கையின் சுட்டுவிரலை வலக்கை முஷ்டி மூடியிருக்கிறது. ஞானத்தின் முத்திரை அது. குருவின் வாய்மொழி இல்லாமல் பெற முடியாத ஞானம். சிலை அழகு; புத்தர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

சாவகத்தின் போரோபுதூரில் கைகள் திசைகாட்டியாகவே வேலை செய்கின்றன. மொத்தம் 504 புத்தர்கள். கீழ் நான்கு சுற்றுகளில் கிழக்கே பார்த்தவர்கள் நிலம் தொடுகிறார்கள், தெற்கே வரதம், மேற்கே தியானம், வடக்கே அபயம். ஐந்தாம் சுற்றில் எல்லாத் திசையிலும் விளக்கிப் பேசும் கை. உச்சியில் துளையிட்ட தூபிகளுக்குள் 72 பேர் சக்கரம் உருட்டுகிறார்கள். இவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவை சிதைந்தவை, பெரும்பாலும் தலையில்லாதவை. தலைகள் கப்பல் ஏறின. முழுச் சிலைகளும் போயின. 1896-இல் வந்த சயாம் மன்னர் சூலலங்கோர்னுக்கு டச்சு அரசு எட்டு வண்டிச் சிற்பங்களை அன்பளிப்பாகக் கொடுத்தது. ஆனாலும் தலை போனவர் எந்தத் திசைக்குரியவர் என்பதில் குழப்பமே இல்லை. கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கப்பல் ஏறிய தலைகளைத்தான் இனி எந்த உடம்போடும் சேர்க்க முடியாது. வரவேற்பறைகளில் சோபாவுக்குப் பக்கத்தில் வைக்க இன்று பிளாஸ்டர் தலைகள் விற்கிறார்களே, அவை இந்தக் கொள்ளையின் பிள்ளைகள். புத்தர் எதுவும் சொல்ல முடியாதபடி கையை நீக்கிவிட்டு, சும்மா இருக்கும் முகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

தமிழ்நாட்டில் புத்தரின் கைகள் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்து, ராஜராஜன் ஆனைமங்கலத்தை நிவந்தமாகக் கொடுத்த சூடாமணி விகாரையைச் சுற்றி 1856 முதல் மண்ணிலிருந்து வந்த செப்புத் திருமேனிகள் முந்நூற்றைம்பது அளவில். உச்சியில் தீச்சுடர், வலக்கையில் அபயம். சிவனையும் பெருமாளையும் வார்த்த அதே பட்டறைகளின் விரல்கள் அவை. உலோகம் என்பதால் விரல்கள் தனித்தனியே நிற்கின்றன. கல்லில் செய்தவர்கள் சோழநாட்டு வயல்வெளிகளிலும் சேலம் பக்கத்துத் தியாகனூரிலும் அமர்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் மடியில் கை சேர்த்தபடி. இவர்களை ஊர்கள் முனி, ரிஷி, செட்டியார் என்று தங்களுக்குத் தெரிந்த பெயர்களில் வைத்துக்கொண்டன. சமணத் தீர்த்தங்கரரும் இப்படித்தான் மடியில் கைவைத்து அமர்வார் என்பதால் படித்தவர்களும் குழம்புவதுண்டு. ஆனால் தீர்த்தங்கரருக்கு உட்கார்ந்தால் தியானம், நின்றால் தொங்கவிட்ட கை, அவ்வளவுதான். இடத்தோளில் ஆடை விளிம்பும் உச்சியில் முடிச்சும் இருந்தால் புத்தர்; முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர்.

சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் வழக்கு இந்த அடையாளங்களை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அங்கே முனியப்பனாக வணங்கப்பட்டது புத்தர் சிலை என்று தொடுக்கப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆராயச் சொன்னது. தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது என்று துறை அறிக்கை கொடுத்தது. 2022-இல் அது புத்தர்தான் என்று தீர்ப்பு வந்தது. பூசைகள் கூடாது, தொல்லியல் துறை பொறுப்பேற்க வேண்டும் என்று உத்தரவு. வரலாற்றின்படி தீர்ப்பு சரி. ஆனாலும் அந்த ஊரின் நினைப்பை என்னால் லேசாக ஒதுக்க முடியவில்லை. சேலம் பக்கத்து முனியப்பன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முறுக்கிய மீசை, உருட்டி விழித்த கண், ஓங்கிய கையில் அரிவாள். கண் போகும் இடத்துக்குக் கை போகும் சாமி அது. அப்படிப்பட்ட சாமியின் பெயரில் கண்ணை மூடி, வெறுங்கையை மடியில் போட்டு அமர்ந்த ஒருவரைத் தலைமுறைகளாகக் கும்பிட்டிருக்கிறார்கள். ஆயுதம் இல்லாத முனி என்று யாருமே யோசிக்காமல் இருந்திருப்பார்களா? யோசித்துவிட்டே வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அறிக்கையில் இன்னும் சில விவரங்கள் உண்டு. துண்டித்த தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு ஒட்டியிருந்தார்கள், சில அங்குல இடைவெளியோடு. நெற்றித் திலகம் தெரியவில்லை. கையைப் பற்றித் துறைக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.